தினம் 200 பாக்கெட் மாவு போகிறது. சூப்பர் மார்க்கெட் ஆர்டரை எடுக்கலாமா? (ஒருவர் கேட்ட கேள்வியும் மற்றவர்கள் சொன்ன பதில்களும்; எழுதியவரின் புனைபெயர் ஒவ்வொன்றின் மேலே.)

உறையூர் மாவு

வணக்கம். திருச்சியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். ஒரு கிலோ பாக்கெட், எம்ஆர்பி 50 ரூபாய், கடைக்கு 42. தினம் 200 பாக்கெட் இறக்குகிறேன், சராசரியாக 8 ரிட்டர்ன் வருகிறது. இட்லி அரிசி கிலோ 45, உளுந்து 120, நாலுக்கு ஒன்று அளவு. வேலைக்கு இரண்டு அக்காக்கள், ஆளுக்கு 12,000. இடத்து வாடகை 8,000, மெஷின் லோன் 6,000. ஜிஎஸ்டி எண் இன்னும் வாங்கவில்லை.

இப்போது ஐந்து கிளை இருக்கிற ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கேட்கிறார்கள். கிளைக்கு 30 பாக்கெட், எம்ஆர்பியில் 25 சதவீதம் அவர்களுக்கு, விற்காதது ரிட்டர்ன், பணம் 45 நாளில். ஒரே வீச்சில் 150 பாக்கெட் கூடும் என்பதால் ஆசையாக இருக்கிறது. எடுக்கலாமா?

கூடவே இரண்டு சந்தேகம். காலை 5 மணிக்கு வேலை ஆரம்பம். இரண்டு பேரும் மாதம் நாலைந்து நாள் மட்டம் போடுகிறார்கள். பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று இன்சென்டிவ் வைத்தால் சரியாகுமா? இன்ஸ்டாகிராமில் மாதம் 5,000 ரூபாய்க்கு விளம்பரம் போடலாமா?

பேரேடு

முதலில் இப்போதைய கணக்கைப் போட்டுவிடுவோம். 4 கிலோ அரிசி 180, 1 கிலோ உளுந்து 120, வெந்தயம், உப்பு சேர்த்து 310 வரும். இதில் சுமார் 12 கிலோ மாவு கிடைக்கும். ஆக கிலோவுக்குப் பொருள் 26 ரூபாய். கவர் 2, கரண்ட் 1.50, வண்டி பெட்ரோல் 2.50 என்று வைத்தால் பாக்கெட் அடக்கம் 32. (உங்கள் பில்லை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.)

200 அரைத்து 192 விற்றால் வரவு 8,064, செலவு 6,400. கையில் நிற்பது நாளுக்கு 1,664, மாதம் 49,920. சம்பளம், வாடகை, லோன் மூன்றும் 38,000. உங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 11,900. நீங்களே வண்டி ஓட்டுகிறீர்கள் என்றால் அதற்கான கூலியும் இதற்குள்தான்.

அடுத்து அந்த ஆர்டர். வருட விற்பனை இப்போது 29 லட்சத்துச் சொச்சம். சூப்பர் மார்க்கெட்டும் சேர்ந்தால் 40 லட்சத்தைத் தாண்டும்; ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிவிடும். இட்லி தோசை மாவுக்கு 5 சதவீதம். எம்ஆர்பி என்றாலே வரி உள்ளடக்கம், அதனால் விலையை ஏற்றாதவரை அந்த வரி உங்கள் பங்கிலிருந்துதான் போகும்.

25 சதவீதம் போக அவர்கள் தருவது 37.50. வரி கழித்தால் 35.71. சூப்பர் மார்க்கெட்டில் ரிட்டர்ன் 10 சதவீதம் என்று வையுங்கள், ஆரம்பத்தில் இது சாதாரணம். 150 இறக்கி 135 விற்றால் வரவு 4,821, அடக்கம் 4,800. நாள் முழுக்க ஐந்து கிளைக்கு ஓடி மிச்சம் 21 ரூபாய்.

இதைவிட மோசமானது பழைய கடைகளின் பக்கம். பதிவு எடுத்ததும் அந்த 192 பாக்கெட்டுக்கும் வரி உண்டு. 8,064-ல் வரிப்பங்கு 384, மாதம் 11,520. இப்போது மிஞ்சுகிற 11,900 அப்படியே காலி. உள்ளீட்டு வரியை, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாமே என்றால், 26 கிலோ மூட்டை அரிசிக்கு ஜிஎஸ்டியே கிடையாது, கழிக்க பெரிதாக ஒன்றும் இருக்காது. சிறு வியாபாரிகளுக்கான காம்பொசிஷன் திட்டத்தில் விற்பனையில் 1 சதவீதத்தோடு முடிக்கலாம், ஆனால் வாங்குகிற கம்பெனிக்கு உங்கள் பில்லில் வரி வரவு கிடைக்காது என்பதால் விலையில் இன்னும் 1.80 குறைக்கச் சொல்வார்கள். ஆடிட்டரிடம் இந்த இரண்டையும் எழுதிக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

45 நாள் கடன் தனி. தினம் 5,062 வீதம் 2,27,000 ரூபாய்க்கு மேல் அவர்களிடம் நிற்கும். அரிசி மண்டிக்காரர் 45 நாள் பொறுப்பாரா?

இதே ஆர்டரை எம்ஆர்பி 55-ல் போட்டுப் பாருங்கள். அவர்கள் தருவது 41.25, வரி போக 39.29. அதே 10 சதவீத ரிட்டர்னில் நாளுக்கு 500 ரூபாய் நிற்கும். ஆக நீங்கள் முடிவெடுக்க வேண்டியது ஆர்டரைப் பற்றியே அல்ல, விலையைப் பற்றி. ஆர்டரே வேண்டாம், பழைய கடைகளுக்கு மட்டும் 55 எம்ஆர்பி, கடைக்கு 46 என்று வைத்தால், பாக்கெட் 200-லிருந்து 137-க்கு இறங்கினால்கூட இன்றைய அதே 1,664 வரும். மூன்றில் ஒரு பங்கு வாடிக்கை போகும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை.

குளிர்பெட்டி

பேரேடு சார் கணக்கில் ரிட்டர்ன்தான் கொலைகாரன். அதைக் குறைக்காமல் எந்தக் கடைக்கும் புதிதாகப் போகாதீர்கள்.

சரக்கு தீர்ந்து கைநழுவுகிற ஒரு விற்பனையால் நஷ்டம் 10 ரூபாய். விற்காமல் திரும்பி வருகிற பாக்கெட்டால் நஷ்டம் 32. அதனால் கடைசித் தேதிக்குள் ஒரு நாளாவது சரக்கு தீராத கடை என்றால் அங்கே அதிகமாக இறக்குகிறீர்கள் என்று அர்த்தம். 'தீர்ந்துபோச்சு, இன்னும் ரெண்டு போட்டிருக்கலாம்' என்று கடைக்காரர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் சொல்லட்டும், அதுதான் சரியான அளவு. கடைவாரியாக ஒரு நோட்டு: இறக்கியது, திரும்பியது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது. 8 ரிட்டர்னும் எல்லாக் கடையிலும் பரவி வராது; பெரும்பாலும் நாலைந்து கடைதான் திரும்பத் திரும்ப வரும்.

அந்தக் கடைகளில் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ராத்திரி கடை அடைக்கும்போது ஃப்ரிட்ஜை அணைக்கிறார்களா? கரண்ட் பில்லுக்காக நிறையப் பேர் செய்வது, காலையில் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி நிற்கும். ஐஸ்கிரீம் பெட்டியில் போடுகிறார்களா? உறைந்த மாவு வீட்டில் பொங்காது, இட்லி கல்லாக வரும், பழி உங்கள் மேல். புதிய பாக்கெட்டை முன்னால் வைத்துப் பழையதைப் பின்னால் தள்ளுகிறார்களா? இது உங்கள் டெலிவரி ஆள் செய்கிற தவறு, கடைக்காரர் அல்ல.

அரைக்கும் இடத்திலும் வேலை இருக்கிறது. கல் சூடானால் மாவு சூடாகும், சூடான மாவு பாக்கெட்டுக்குள்ளேயே புளிக்க ஆரம்பிக்கும். உளுந்துக்குத் தண்ணீருக்குப் பதில் ஐஸ் தண்ணீர் தெளியுங்கள். அரைத்ததும் பேக் செய்து சில்லரில் (குளிரூட்டும் பெட்டியில்) 4, 5 டிகிரிக்கு இறக்கி, பிறகுதான் வண்டி. பெரிய டிரம்மில் மொத்தமாகக் குளிரவைத்தால் நடுவில் இருக்கும் மாவு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அதனால் முதலில் பேக்கிங், பிறகு குளிர். வண்டியில் தெர்மாகோல் பெட்டி போதும். கவரில் மேலே நாலு விரல் இடம் விடுங்கள், வாயு வந்தாலும் சீல் பிரியாது. சித்திரை, வைகாசியில் கடைசித் தேதியை ஒரு நாள் குறைத்துப் போடுவது உத்தமம்.

சம்பளப்பட்டியல்

பாக்கெட்டுக்கு இன்சென்டிவ் வேண்டவே வேண்டாம். வேகம் கூடும், உளுந்து அரைபடுகிற நேரம் குறையும், எடை 960, 970 கிராம் என்று இறங்கும். எடை குறைந்த பாக்கெட் எடையளவு ஆய்வாளர் கையில் சிக்கினால் அபராதம் உங்களுக்கு.

மட்டம் போடுவதற்குக் காரணம் அநேகமாக அந்த 5 மணி. முதல் பஸ் கிடைக்க வேண்டும், வீட்டில் சமைக்க வேண்டும், பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும். காலை 5 மணிக்கு ஏன் அரைக்கிறீர்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள். மாவு விற்பது சாயங்காலம் 5 முதல் 8 வரை. காலை 6 மணிக்கு அரிசியையும் உளுந்தையும் நீங்களே ஊறப்போட்டு, 10 மணிக்கு அவர்கள் வந்து அரைத்து, 2 மணிக்குள் பேக்கிங், குளிர்ந்து 4 மணிக்கு வண்டி கிளம்பலாம். நேரத்தை மாற்றினாலே பாதி லீவு நின்றுவிடும். பாக்கெட்டும் கடையில் பாதி நாள் இளமையாக இருக்கும்.

வருகைப்படி கொடுப்பதானால் மாதம் 600 என்று வைக்காதீர்கள். மூன்றாம் தேதி ஒரு நாள் லீவு போட்டால் 'படி போச்சு' என்று மீதி மாதத்துக்கு அவருக்கு வரவேண்டிய காரணமே இல்லை. வாரத்துக்கு 150, சனிக்கிழமை கையில். ஒரு வாரம் போனாலும் அடுத்த வாரம் புதுக்கணக்கு. இரண்டு பேரும் ஒரே நாளில் லீவு எடுக்கக்கூடாது என்பதை மட்டும் கறாராக வையுங்கள். முதல் நாள் மதியத்துக்குள் சொன்ன லீவுக்கு முகம் சுளிக்காதீர்கள். முன்பணம் கேட்டால் ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் போகவேண்டாம். பெரிய முன்பணம் ஆளைக் கட்டிவைக்கும் என்று நினைக்கிறார்கள், அதுவே ஆள் வராமல் போகவும் காரணமாகும்.

தெருமுனை

இன்ஸ்டாகிராம் 5,000 வேண்டாம். உங்கள் மாவு போகிற தூரம் வண்டிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். விளம்பரத்தை அந்த வட்டத்துக்குள் சுருக்கினாலும், பார்த்தவர் கடைக்குப் போய் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கப்போவதில்லை; அங்கே ஃப்ரிட்ஜில் எது இருக்கிறதோ அதை எடுப்பார்.

அந்தப் பணத்தை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் போடுங்கள். தில்லைநகர் பக்கம் 40 வீட்டுக்கு மேல் இருக்கிற குடியிருப்பு ஒன்றைப் பிடித்து, வீட்டுக்கு ஒரு அரைக்கிலோ பாக்கெட் இலவசமாகக் கொடுங்கள். வீட்டுக்கு 17 ரூபாய் அடக்கம், 40 வீட்டுக்கு 700 ரூபாய்க்குள் முடியும். பிறகு வாட்ஸ்அப்பில் மதியம் 1 மணிக்குள் ஆர்டர், 6 மணிக்கு வாசலில் டெலிவரி. முன்பதிவு என்பதால் ரிட்டர்னே கிடையாது, கடைக்குப் போகிற 8 ரூபாயும் உங்களுக்கு. ஒரு குடியிருப்பில் தினம் 12 பாக்கெட்டாவது வரவில்லை என்றால் வண்டி அங்கே நிற்கிற நேரம் வீண். ஒரு மாதம் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். அசோசியேஷன் செயலாளரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், வாட்ச்மேனோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கவரில் 'வீட்டுச் சுவை', 'பாரம்பரியம்' எல்லாரும் போடுகிறார்கள், யாரும் படிப்பதில்லை. தேதியோடு 'அரைத்த நேரம் காலை 11 மணி' என்று போடுங்கள். வாங்குகிறவர் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்: எவ்வளவு புளித்திருக்கும், ராத்திரி தோசையா காலை இட்லியா. பின்பக்கம் ஒரே வரி: 'வெளியே 6 மணி நேரம் வைத்தால் இட்லிக்குப் பொங்கும், வெயில் காலத்தில் 4 மணி நேரம்.'

காலண்டரையும் பாருங்கள். அமாவாசை, கிருத்திகை இரவுகளில் பல வீட்டில் பலகாரம்தான், அன்று கூடுதலாக இறக்கலாம். ஸ்ரீரங்கம் பக்கம் ஏகாதசி அன்று அரிசியே தொடாத வீடுகள் நிறைய. அந்த ரூட்டில் அன்று பாதியாகக் குறையுங்கள், மறுநாள் துவாதசிக்கும் பழைய அளவுக்கு அவசரப்படாதீர்கள்.

உறையூர் மாவு

எல்லாருக்கும் நன்றி. 40 லட்சம் கணக்கு என் தலையிலேயே இல்லை. நேரத்தை 10 மணிக்கு மாற்றுவது பற்றி அக்காக்களிடம் இன்றைக்கே பேசுகிறேன். விலைதான் பயமாக இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு மாவு 48-க்கு இருக்கிறது. பாதிக் கடையில் 50, பாதிக் கடையில் 55 என்று போட்டுச் சோதிக்கலாமா?

பேரேடு

ஒரே பாக்கெட்டுக்கு இரண்டு எம்ஆர்பி வேண்டாம், எடையளவு விதிகளில் சிக்கல். சோதிக்க வேறு வழி இருக்கிறது: அரைக்கிலோ பாக்கெட் இறக்குங்கள். எம்ஆர்பி 29, கடைக்கு 24, அடக்கம் 17. கிலோ கணக்கில் 58 ஆகிறது. இரண்டு பேர், மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு அதுதான் வசதியும். பத்துக் கடையில் ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். மாவு பிடித்து வாங்குகிறார்களா, 2 ரூபாய்க்காக வாங்குகிறார்களா என்று அதிலேயே தெரிந்துவிடும். அது ஓடினால் கிலோ பாக்கெட்டை 55 ஆக்குங்கள். கடைக்காரரிடம் பேசும்போது 'விலை ஏறுது' என்று ஆரம்பிக்காமல், 'உங்களுக்கு 8 வந்தது, இனி 9' என்று ஆரம்பியுங்கள்.

சூப்பர் மார்க்கெட்டுக்கு 'இல்லை' என்று சொல்லிக் கதவை மூடவேண்டாம். '55 எம்ஆர்பி வந்தபிறகு, இரண்டு கிளை, கிளைக்கு 15 பாக்கெட், ரிட்டர்ன் கிடையாது, வாரப் பணம்' என்று கேட்டுப் பாருங்கள். ரிட்டர்ன் இல்லை என்றால் 41.25-க்குப் பதில் 39 கொடுத்தாலும் உங்களுக்கு லாபம்தான். 10 சதவீதம் திரும்பினால் 41.25 என்பது உண்மையில் 37.13. கிளை எண்ணிக்கையைக் கூட்டும்போது மட்டும் 40 லட்சத்தை மாதாமாதம் பார்த்துக்கொண்டே இருங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், இப்போதே எடுத்துவையுங்கள். 2006-ஆம் வருடச் சட்டப்படி குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளில் பணம் தரவேண்டும், தாமதித்தால் வட்டியும் உண்டு. புகார் கொடுத்தால் அடுத்த நாள் உங்கள் ஷெல்ஃப் போய்விடும் என்பது வேறு விஷயம். அதனால்தான் வாரப் பணம் என்று முதலிலேயே பேசச் சொல்கிறேன்.

இன்னொன்று. கவர் அடுத்து அடிக்கும்போது எம்ஆர்பியை அச்சில் போடாதீர்கள், இடம் மட்டும் விடுங்கள். தேதி, அரைத்த நேரம், எம்ஆர்பி மூன்றையும் பேக் செய்யும்போது குத்திக்கொள்ளலாம். அச்சடித்த விலைக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஏற்ற முடியாது. கையில் இருக்கிற 50 ரூபாய்க் கவர் எத்தனை கிலோ இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பார்த்துவிடுங்கள், விலை ஏற்றும் தேதி அதைப் பொறுத்துத்தான்.