மறு: ஹெலனிஸ்டிக் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அலெக்சாந்தருக்குப் பிந்தைய கிரேக்கப் பண்பாட்டுக் காலத்தைக் குறிக்கும் 'ஹெலனிஸ்டிக்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு, 'யவனக் காலம்' என்று ஐயா ஒருவர் இங்கே தந்த பரிந்துரை காதுக்கு இனிமைதான், ஆனால் பொருளில் இடிக்கிறது. அயோனியக் கிரேக்கரின் பெயர் பாரசீகத்தில் யௌன, அசோகர் கல்வெட்டில் யோன, வடமொழியில் யவன என்றானது. தமிழுக்கு வந்தபோது மேற்குக் கடலிலிருந்து வந்தவர் எல்லோருக்குமே அது பொதுப்பெயர். 'பொன்னொடு வந்து கறியொடு (மிளகோடு) பெயரும்' என்று அகநானூறு 149 பாடும் கலத்தில் வந்தவர் கிரேக்கரா, ரோமானியப் பேரரசின் வேறு குடிகளா என்று யார் பிரிப்பது? அந்தச் சொல் சங்க கால ஆய்வுக்கே இருக்கட்டும்.

'கிரேக்கர்' மட்டும் என்ன, அதுவும் ரோமானியர் வாய்வழி வந்த பெயர்தான். வடமேற்குக் கிரேக்கத்தின் தொதோனா பக்கத்தில் முன்பு 'கிரைகோய்' எனப்பட்டவர்களே இப்போது ஹெல்லேனர் (கிரேக்கர் தம்மை அழைத்துக்கொண்ட பெயர்) என்கிறார் அரிஸ்டாட்டில். ஆனாலும் தமிழில் அது வேரூன்றிவிட்டது. ஹெல்லேனருக்குரிய என்ற பொருளில் 'ஹெலனிக்' என்று வரும் இடத்திலும் கிரேக்க என்றே எழுதலாம், தனிச்சொல் வேண்டாம்.

சிக்கல் ஹெலனிஸ்டிக்கில்தான். அலெக்சாந்தர் இறந்த கி.மு. 323 முதல், எகிப்து ரோம் வசமான கி.மு. 30 வரை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய வரலாற்றாசிரியர் திராய்சன் நிலைநிறுத்திய பகுப்பு இது. கிரேக்கர் அல்லாதவரும் கிரேக்கம் பேசி, கிரேக்க முறையில் நகரம் கட்டிய காலம். ஆப்கானிஸ்தானில் ஆமு ஆற்றங்கரை ஐ கானூம் என்ற பழைய நகரைப் பாருங்கள்: நாடக அரங்கு, உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் உண்டு. எங்கோ கிரேக்கத்தில் இருக்கும் டெல்பி கோயிலின் அறவாசகங்களை ஒருவர் படியெடுத்து வந்து அங்கே கல்லில் வெட்டுவித்திருக்கிறார். அதே ஊரின் பெரிய கோயில் கிரேக்கப் பாணியிலேயே இல்லை!

'கிரேக்கத் தழுவல்' என்று முதலில் யோசித்தேன். தழுவல் என்றதும் தழுவல் நாவல், தழுவல் படம் என்று புத்தி போகிறது, நகல் வாடை. 'பிற்காலக் கிரேக்கம்' என்றால் பின்னால் வந்த கிழக்கு ரோமானியப் பேரரசான பைசாந்தியத்தோடு குழம்பும். அதனால் என் பரிந்துரை 'பரவுகிரேக்கம்'. ஊறுகாய் போல வினைத்தொகை. பரவுகிரேக்கக் காலம், பரவுகிரேக்கச் சிற்பம், பரவுகிரேக்க அரசுகள் என்று பெயரடையாகவும் தடையில்லாமல் ஓடுகிறது. தேவாரம் படித்தவர்களுக்குப் பரவுதல் என்றால் போற்றுதல் நினைவுக்கு வரும். வரட்டும், கெடுதல் இல்லை.

ஒன்று மட்டும்: 'ஹெலனைசேஷன்' இதோடு சேராது. அது ஒரு மாற்றம், காலமல்ல. அதற்குக் கிரேக்கமயமாதல் போதும்.