குழந்தை வேணும்னு ட்ரீட்மெண்ட் எடுத்தவங்க: பீடி, சிகரெட் பத்தி உங்ககிட்ட என்ன கேட்டாங்க?

ஆலங்குளத்துக்காரி
ஐ.வி.எஃப்-க்காக (வெளிய கருவாக்கி உள்ள வைக்குத சிகிச்சை) கருமுட்டை எடுக்கப் போன அன்னைக்கு ட்ரிப்ஸ் ஏத்த நர்ஸ் என் கையைப் பிடிச்சாவ. சட்டுனு விரலை மோந்து பாத்துட்டு, "எக்கா, புகையில வாசம் அடிக்கே, பீடி சுத்துவியளா?"ன்னு கேட்டாவ. ஆமான்னேன். "டாக்டர்ட்ட சொன்னியளா?" டாக்டர் கேட்டது சிகரெட் பழக்கம் உண்டான்னு மட்டுந்தான். அதுக்கே எங்க அத்தைக்கு ஆத்திரம், "எங்க வீட்டுப் பொம்பளையள இப்படியா கேக்கது"ன்னு. சின்னப்பிள்ளையில இருந்து மடியில பீடி சுத்துத சுளவு (முறம்), நாள் பூரா புகையிலைத் தூள் நெடி. அதை யாரும் கேக்கல. கரு நிக்கல. எதனாலன்னு சொல்ல முடியாதுன்னுட்டாவ. அந்த நர்ஸ் மோந்து பாத்ததுதான் ராத்திரி படுத்தா நெனப்புக்கு வருது.

மேலப்பாளையம் மைனி
தங்கச்சி, பீடி சுத்துததும் குடிக்கதும் ஒண்ணு கிடையாது. எங்க தெருவுல சுத்தாத வீடில்ல, பிள்ளையளுக்கா பஞ்சம்? என் கதை வேற. வீட்டுக்காரவிய கட்டில்ல உக்காந்தே குடிப்பாவ. டாக்டரம்மா அவியளப் பாத்து, "நீங்க விடுற புகை இவங்க முட்டையைச் சுத்தியிருக்கிற நீர் வரைக்கும் போகுது"ன்னு சொல்லிட்டாவ. வெளிய வந்ததும் சட்டைப்பையில இருந்த பீடிக்கட்டைக் கசக்கி சாக்கடையில போட்டாவ. சாயங்காலமே தெருமுக்குல நின்னு குடிச்சதை நாத்தனா பாத்துட்டு வந்து சொன்னா. ஊசி குத்துன வலியெல்லாம் மறந்துட்டு, இது மறக்கல.

பாளையங்கோட்டை, பேர் வேண்டாம்
நான் சிகரெட் பிடிச்சவ. பெங்களூர் வேலையில வந்த பழக்கம். டாக்டர் கேட்டப்போ பக்கத்துல மாமியார், வாயே திறக்கல. அவங்களை பில் கட்ட அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, டாக்டர் திரும்பக் கேட்டாங்க. சொன்னேன். திட்டவே இல்லை. முட்டை எவ்வளவு மிச்சம்னு காட்டுற ஏ.எம்.ஹெச் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டி, "குறைஞ்ச முட்டை திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்துவோம்"னாங்க. எல்லா டாக்டரும் அப்படிக் கதவைச் சாத்திட்டுக் கேக்கணும்.

கடையம் டீச்சர்
அக்கா மகளுக்குக் கரு கலைஞ்சப்போ ஆஸ்பத்திரியில கூட இருந்தவ நான். அவ வீட்டுக்காரர் விடாம சிகரெட் குடிப்பார்.

மைனி, பிள்ளை ஓடுற வீட்டை மட்டும் எண்ணாதீங்க. பிள்ளை இல்லாத வீட்டுக்காரி தெருவுக்கு வந்து சொல்ல மாட்டா. ஐ.வி.எஃப் கணக்கெல்லாம் புகைக்கிற பெண்களை வச்சு எடுத்ததுதான், ஒத்துக்கிறேன். அவங்களுக்கு முட்டை குறைவாக் கிடைக்கும், கரு கலையறது கூடும், ஒரு கர்ப்பத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு முறை சிகிச்சை தேவைப்படும்னு அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் சொல்லியிருக்கு. மாதவிடாயும் 1 முதல் 4 வருஷம் முந்தியே நின்னுடும். ஆனா பீடி சுத்துறவங்க சிறுநீர்லயும் நிக்கோட்டினோட மிச்சத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்க. தோல் வழியா, தூசி வழியா உள்ள போகுது. அதனால ட்ரீட்மெண்டுக்கு 3 மாசம் முந்தியே சுளவை இறக்கி வைங்க. முட்டை முதிர்றதுக்கு அவ்வளவு நாள் ஆகும். ஆம்பளைக்கும் விந்து உருவாக ரெண்டரை மாசம், அவரும் அப்பவே நிறுத்தணும். தனியா விட முடியலன்னா புகையிலையை விட உதவுற அரசு நம்பர் 1800-11-2356-க்கு போன் போடச் சொல்லுங்க, காசு கிடையாது. பிள்ளைக்கு ஆசைப்படுற வீட்டுக்குள்ள தூள் டப்பாவே இருக்கக் கூடாது.

முக்கூடல்
டீச்சர், சுளவை இறக்கி வச்சா வாரக்கூலிக்கு எங்க போக? ஊசிக்கு வாங்குன கடனையே அந்தக் கூலியிலதான் அடைக்கோம். 3 மாசம் இலை வாங்கலன்னா கடையில பேரையே எடுத்துருவாவ, பி.எஃப் பிடிக்கதும் நின்னுரும். அதுக்கு ஒரு வழி தெரிஞ்சா சொல்லுங்க, நாளைக்கே நிறுத்துதேன்.