கோல்ஃப் கிரீனில் கரிமப் பொருள் 4 சதவீதத்தைத் தாண்டினால் குழல்முனை கட்டாயமா?

வேர்க்கால்:
"ஆண்டுக்கு இருமுறை குழல்முனையால் துளையிட்டு, வெளியே வரும் மண்கட்டைகளை அள்ளி அகற்றாத கிரீன் உருப்படாது" என்று மணல் இடுதல் பற்றிய இழையில் துளைமுனை அவர்கள் எழுதியிருப்பதைப் படித்தேன். மனம் ஆறவில்லை. என் பொறுப்பில் உள்ள கிரீன்களில், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டும் குட்டைப் புல்தரைகளில், மண்ணை உருளைக் கட்டையாக வெட்டி எடுக்கும் குழல்முனை 7 ஆண்டுகளாக இறங்கவில்லை. தழைச்சத்தைப் புல்லின் தேவைக்கு மேல் கொடுப்பதில்லை. புல் வேகமாக வளரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை மில்லிமீட்டர் கனத்துக்கு மணல் தூவித் தூரிகையால் உள்ளே இறக்குகிறேன். கடைசி ஆய்வக அறிக்கையில் மண்ணில் சேர்ந்த கரிமப் பொருள் (வேர், நார், மக்கு) 6 சதவீதம் என்று வந்தது. ஆனாலும் பெருமழை ஓய்ந்த சற்று நேரத்தில் நீர் வடிந்துவிடுகிறது, பந்தும் தடுமாறாமல் உருள்கிறது. எதை வைத்து இந்தக் கிரீன் உருப்படாது என்கிறீர்கள்?

துளைமுனை:
உங்கள் வாயாலேயே 6 சதவீதம் என்று சொல்லிவிட்டீர்கள், அதுவே போதும். 4 சதவீதத்தைத் தாண்டினால் மணல் துகள்களுக்கு இடையிலுள்ள பெரிய துளைகளை வேரும் நாரும் மக்கும் அடைத்துக்கொள்கின்றன. காற்று கீழே இறங்குவதில்லை, நீர் மேற்பரப்பிலேயே தேங்குகிறது, வெப்பம் ஏறும்போது வேர் குட்டையாகிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட கிரீன் அமைப்பு, சரளைக்கு மேல் 30 சென்டிமீட்டர் மணற்கலவையை வைத்ததே நீரும் காற்றும் சீராக நகரவேண்டும் என்பதற்காகத்தான். அந்த மணலின் தலையில் ஈரப் பஞ்சு போன்ற படலத்தை வளரவிட்டால், கீழே எவ்வளவு நல்ல மணல் இருந்தும் பயனில்லை. 4 சதவீதம் என்பது நான் கற்பனை செய்த எண் அன்று.

வேர்க்கால்:
உங்கள் முனை எவ்வளவை வெளியே எடுக்கிறது என்று கணக்கிட்டீர்களா? 12.5 மில்லிமீட்டர் முனையை 50 மில்லிமீட்டர் இடைவெளியில் இறக்கினால், ஒருமுறைக்குப் பரப்பில் 4.9 சதவீதம்தான் வெளியேறும். இருமுறை செய்தாலும் 10 சதவீதத்தை எட்டாது. தொடப்படாத 90 சதவீதத்தில் கரிமப் பொருளின் விகிதத்தைக் குறைப்பது மேலே தூவும் மணல்தான். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தினர் பல மாநிலங்களின் கிரீன்களை ஆராய்ந்தபோதும், மணலின் அளவுதான் கரிமப் பொருளோடு தெளிவான தொடர்பு காட்டியது.

நார்ப்படலம்:
இருவரிடமும் ஒன்று கேட்கவேண்டும். துளைமுனை அவர்களின் 4 சதவீதமும் வேர்க்கால் அவர்களின் 6 சதவீதமும் எந்த ஆழத்துக்கு உரியவை? நான் ஒரே கிரீனில் எடுத்த மாதிரிகளில் மேல் 2 சென்டிமீட்டரில் 8, அடுத்த 2 சென்டிமீட்டரில் 4, அதற்கும் கீழே 3 என்று வந்தது. மூன்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்பியிருந்தால் ஏறக்குறைய 5 என்று வந்திருக்கும். கரிமப் பொருளை அளக்க மாதிரியை உலையில் எரிப்பதற்கு முன் மேலே உள்ள பச்சைப் புல்லை ஆய்வகம் வெட்டி நீக்கியதா, விட்டுவைத்ததா என்பதைப் பொறுத்தும் எண் மாறும்.

துளைமுனை:
6 என்பது 4ஐ விடப் பெரிது. இதற்கு ஆழம் பார்க்க வேண்டியதில்லை. வேர்க்கால் அவர்களே, சென்ற ஆண்டு இதே இடத்தில் உங்கள் கிரீனில் கருப்பு அடுக்கு வந்தது என்று படம் போட்டு உதவி கேட்டவர் நீங்கள்தான். கத்தியால் வெட்டி எடுத்த கட்டையில், 3 சென்டிமீட்டர் கீழே பென்சில் கோடு போல் கறுத்த வரியும் அழுகிய முட்டை நாற்றமும் இருந்ததாக நீங்களே எழுதினீர்கள். காற்றில்லாத இடத்தில்தான் அந்த நாற்றம் பிறக்கும். அன்று துளையிடுங்கள் என்று நான் சொன்னதற்கு ஒரு நன்றிகூட வரவில்லை. இன்று 7 ஆண்டுப் பெருமை பேசுகிறீர்கள்.

வேர்க்கால்:
பழைய கணக்கை நீங்கள் எடுத்ததால் முழுவதையும் சொல்கிறேன். அந்தக் கருப்பு வரி ஒரே ஒரு கிரீனின் தாழ்ந்த மூலையில், தெளிப்பான் பழுதாகி இரவெல்லாம் நீர் கொட்டிய இடத்தில் வந்தது. தெளிப்பானைச் சரிசெய்து, மண்ணை வெளியே எடுக்காமல் துளை மட்டும் போடும் மெல்லிய திண்முனையால் குத்திக் காற்று புகவிட்டதும் நாற்றம் போய்விட்டது. அங்கேயும் குழல்முனையை இறக்கவில்லை, ஒரு கட்டையையும் அள்ளவில்லை. நன்றி சொல்ல வேண்டிய தேவை எனக்கு எழவில்லை.

உழவாரம்:
அள்ளுவதில்தான் எனக்கு வருத்தம். வெளியே வந்த கட்டைகளை உலரவிட்டு, உடைத்து, மணலை மீண்டும் துளைக்குள் இழுத்துவிட்டால் புதிய மணலின் செலவு குறையுமே.

துளைமுனை:
நீக்கவேண்டிய நாரையே திரும்ப உள்ளே தள்ளச் சொல்கிறீர்கள். இந்த யோசனையை நீங்கள் முன்பும் எழுதினீர்கள், அன்றும் மறுத்தேன்.

உழவாரம்:
மறுத்தீர்கள், காரணம் சொல்லவில்லை. உடைத்த கட்டையில் மணல் உதிர்ந்துவிடும், நார் மேலே நிற்கும். அந்த நாரை மட்டும் வாரிவிடலாம் என்றும் எழுதியிருந்தேன். அந்த வரியை நீங்கள் படிக்கவே இல்லை.

துளைமுனை:
படித்தேன். 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டும் புல்லின்மேல் கட்டைகளை உலரவிட்டு உடைத்து இழுப்பவர், மறுநாள் வெட்டுப்பொறியின் கத்தியைப் பார்த்தால் தெரிந்துகொள்வார். வேர்க்கால் அவர்களின் முறையிலும் இதே குறைதான்: அடர்ந்த புல்லில் மணல் முழுவதும் இறங்காது, மிச்சம் மேலேயே கிடந்து கத்தியை மழுக்கும். துளை இருந்தால்தான் மணல் வேர்வரை போகும். நான் இந்தத் தொழிலில் எத்தனையோ கிரீன்களைப் பஞ்சு நிலையிலிருந்து மீட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் 4 சதவீதத்துக்குக் கீழே இறக்கிய பிறகே வேர் நீண்டது. அந்த அனுபவத்தை ஓர் அறிக்கையின் ஒற்றை எண்ணைக் காட்டி யாரும் தள்ளிவிட முடியாது.

நார்ப்படலம்:
அந்த 4 சதவீதம் எந்த ஆழத்தில் என்று மீண்டும் கேட்கிறேன். நீங்கள் 10 சென்டிமீட்டர் கட்டையை முழுவதாக அனுப்புகிறவர், அவர் மேல் 2 சென்டிமீட்டரை மட்டும் அனுப்புகிறவர் என்றால், உங்கள் 4ஐ விட அவருடைய 6 நல்ல நிலையைக் காட்டுவதாகக்கூட இருக்கலாம்.

துளைமுனை:
எந்த ஆழமானாலும் 4 சதவீதம் 4 சதவீதம்தான்.

வேர்க்கால்:
அடுத்த மாதிரி இந்தப் பருவத்தின் இறுதியில் போகும். அறிக்கை வந்ததும் இங்கேயே பதிவிடுகிறேன். அதுவரை என் கிரீனில் குழல்முனை இறங்காது.

துளைமுனை:
பதிவிடுங்கள். 6க்கு மேல் வந்தாலும் மறைக்காமல் பதிவிடுங்கள்.