மறு: 'பொலிட்டிக்கல் சென்டர்' – ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

அமெரிக்க அரசியல் கலைச்சொல் பட்டியலில் 'சென்டர்' (இடதுக்கும் வலதுக்கும் இடைப்பட்ட அரசியல் நிலை) என்பதற்கு 'நடுநிலை' என்று இட்டிருக்கிறோம். அதை நீக்கிவிடலாம் என்பது என் முன்மொழிவு. நடுநிலை என்றால் தமிழில் பக்கம் சாராமை. நீதிபதிக்கு இருக்கவேண்டிய குணம். வரிவிகிதத்தில் இரு கட்சிக்கும் இடையே நிற்கும் செனட்டர் பக்கம் சாராதவர் அல்லர். அவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அது இடையில் இருக்கிறது, அவ்வளவுதான். 'நடுநிலை செனட்டர்' என்று எழுதிய உடனே அவருக்கு நற்சான்று கொடுத்தாகிவிடுகிறது. அங்கே நடக்கும் சண்டையே அந்தச் சான்று யாருக்கு என்பதுதான்.

'மிதவாதி'யும் ஒத்துவராது. 1907 சூரத் காங்கிரஸ் பிளவு முதல் அது கொள்கையைவிட வழிமுறையையே அதிகம் சுட்டிவந்திருக்கிறது. அதன் எதிர்ச்சொல்லான 'தீவிரவாதி' இன்று எதைக் குறிக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை. இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்குள் வம்பாகிவிடும்.

'மையம்' என்று வைக்கலாமா?

– க.

* * *

> 'மையம்' என்று வைக்கலாமா?

க. ஐயா, நடுநிலையை நீக்குவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'மையம்' என்ற ஒரே சொல்லை வைத்தால் பழைய குழப்பம் புதுப் பெயரில் தொடரும். 'சென்டர் எங்கே' என்று அமெரிக்கர்கள் அடித்துக்கொள்ளும்போது பெரும்பாலும் ஆளுக்கொரு அளவையைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஒன்று, டங்கன் பிளாக் 1948இலும் அந்தோனி டவுன்ஸ் 1957இலும் வகுத்த கணக்கு. வாக்காளர்களை இடமிருந்து வலமாக வரிசையில் நிறுத்தினால் சரிபாதியில் நிற்பவரே வெற்றியை முடிவுசெய்கிறார். இது ஒரே கோடு இருக்கும்வரைதான் செல்லும். பொருளாதாரத்துக்கு ஒன்று, பண்பாட்டுக்கு ஒன்று என இரண்டு கோடு போட்டதும் 'சரிபாதி ஆள்' பொதுவாகக் கிடைக்கமாட்டார். 2016 வாக்காளர்களை இப்படி இரு கோட்டில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பொருளாதாரத்தில் இடதும் பண்பாட்டில் வலதுமாக இருந்தவர்கள் ஏறத்தாழ 29%. நேர் எதிர் மூலையில், அதாவது குறைந்த வரியும் தாராளப் பண்பாடும் வேண்டுவோர், 4%கூட இல்லை. வாஷிங்டன் பத்தி எழுத்தாளர்கள் பலர் 'சென்டர்' என்று பரிந்துபேசுவது பெரும்பாலும் இந்த 4% பக்கம் சாய்ந்த இடத்தை. சமூகக் காப்பீட்டிலும் மெடிகேரிலும் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கைவைக்கமாட்டேன், குடியேற்றத்தை அடைப்பேன் என்று 2016இல் டிரம்ப் பேசியது முதல் மூலையைப் பார்த்து.

இரண்டு, அவையில் யாருடைய வாக்கு இல்லாமல் மசோதா நகராதோ அவருடைய இடம். இது ஆளைவிட நடைமுறை விதியைப் பொறுத்தது. 2021–22இல் செனட்டில் இரு கட்சிக்கும் 50–50. சாதாரண மசோதாவுக்குப் பிலிபஸ்டரை (விவாதத்தை முடியவிடாமல் மசோதாவைத் தடுக்கும் உத்தி) முறிக்க 60 வாக்கு வேண்டும். ஆகவே ஜனநாயகக் கட்சிக்கு முக்கியமான ஆள், குடியரசுக் கட்சி வரிசையில் இடமிருந்து பத்தாமவர். உள்கட்டமைப்பு மசோதா 69–30 என்று தேறியது அப்படித்தான். அதே அவையில் பட்ஜெட் ரீகன்சிலியேஷன் (வரவுசெலவு மசோதாவுக்குப் பிலிபஸ்டர் செல்லாத தனி நடைமுறை) வழியாகப் போனால் 50 வாக்கும் துணை அதிபர் வாக்கும் போதும். அப்போது முக்கியமான ஆள், ஜனநாயகக் கட்சி வரிசையின் வலக்கோடியில் நின்ற ஜோ மான்ச்சின். 2021 டிசம்பரில் அவர் கைவிரித்ததும் பைடனின் பெரிய செலவுத் திட்டம் நின்றது. சுருக்கிய வடிவம் 2022 ஆகஸ்டில் 51–50இல் தேறியது. அதே ஆட்கள், அதே அவை. ஆனால் 'நடு' பத்து இருக்கை தள்ளிப்போய்விட்டது. அதிபர் வீட்டோ செய்துவிட்டால் மூன்றில் இரு பங்கு வேண்டும். அது இன்னொரு இடம்.

மூன்று, கருத்துக்கணிப்பில் தன்னை 'மாடரேட்' என்று சொல்பவர். காலப் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் 2024 சராசரியில் இவர்கள் 34%. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆவணமற்ற குடியேறிகள் அனைவரையும் வெளியேற்று என்பது +1, எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்பது −1 என்று வையுங்கள். இரண்டையும் கேட்பவரின் சராசரி 0. கணக்குப்படி அவர் நட்டநடுவில்; எந்தக் கேள்வியிலும் அவர் நடுவில் இல்லை.

ஆக மூன்று சொல் வேண்டும்.

– செ.

* * *

செ., நான்காவதும் உண்டு: அரசியல் ஆய்வாளர்கள் கீத் பூல், ஹோவர்ட் ரோசென்தால் உருவாக்கிய நாமினேட் மதிப்பெண். −1இலிருந்து (இடது) +1 வரை (வலது), வாக்கெடுப்புப் பதிவுகளிலிருந்து கணக்கிடுவது. யார் யாரோடு சேர்ந்து வாக்களிக்கிறார் என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. 2021 நவம்பரில் உள்கட்டமைப்பு மசோதா பிரதிநிதிகள் சபையில் 228–206இல் தேறியபோது ஜனநாயகக் கட்சியின் இடதுசாரிகள் ஆறு பேர் 'சமூகச் செலவுத் திட்டத்தோடு சேர்த்தே நிறைவேற்றவேண்டும்' என்று எதிர்த்து வாக்களித்தனர். குடியரசுக் கட்சியினரோடு சேர்ந்துவிடும் இப்படிப்பட்ட வாக்குகள் அவர்களை வலப்பக்கம் இழுத்து, கட்சியின் நடுவுக்கு அருகில் காட்டிவிடும். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து 'மையவாதி' என்று செய்தி மொழிபெயர்த்தால் சிரிப்பார்கள்.

சொற்கள்: முதலாவதற்கு 'இடைய வாக்காளர்'. இலங்கைப் பாடநூலில் மீடியனுக்கு இடையம், சராசரிக்கு இடை. இரண்டாவதற்கு 'அச்சாணி வாக்கு'.

– ம., யாழ்ப்பாணம்

* * *

ம., 'இடையம்' அழகான சொல். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் மீடியன் 'இடைநிலை அளவு'. இங்குள்ள மாணவர் 'இடைய' என்பதை 'இடைப்பட்ட' என்றே வாசிப்பார். எனவே இரண்டையும் சாய்கோடிட்டு இடுகிறேன்.

'அச்சாணி வாக்கு' ஏற்கிறேன், ஒரு குறிப்போடு: சமநிலையில் அவைத்தலைவர் இடும் காஸ்டிங் வோட்டோடு இதைக் குழப்பக்கூடாது. 2022 ஆகஸ்டில் காஸ்டிங் வோட் இட்டவர் கமலா ஹாரிஸ், அச்சாணி மான்ச்சின்.

மூன்றாவதற்கு 'மிதப்போக்கினர்'. எதிர்ச்சொல்லாகத் தீவிரவாதி வந்து ஒட்டாது. எண்ணால் மட்டும் நடுவில் விழுபவருக்குக் 'கலவைக் கருத்தினர்' என்று தனிப்பதிவு.

'இண்டிபெண்டண்ட்' என்பதற்கு இட்டிருக்கும் 'சுயேச்சை'யையும் மாற்றுகிறேன். நமக்கு அது வேட்பாளர். 'கட்சி அடையாளம் சொல்லாதோர்' என்று இடலாம். பியூ ஆய்வு மையத்தின் 2019 கணக்கில் அவர்கள் 38%. எந்தக் கட்சிப் பக்கமும் சாயாதவர் மொத்த மக்களில் 7% மட்டுமே. ஆகவே இவர்களை மிதப்போக்கினரோடு ஒரே பதிவில் சேர்க்கவேண்டாம்.

'மையம்' பொதுச்சொல்லாக இருக்கட்டும். அது காலத்தோடு நகரும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஓரினத் திருமணத்தை இடுகிறேன்: 1996இல் ஆதரவு 27%, அதை மறுக்கும் சட்டம் செனட்டில் 85–14, 2022இல் அதைக் காக்கும் சட்டம் 61–36, குடியரசுக் கட்சியினர் 12 பேர் ஆதரவு. ஆண்டு குறிப்பிடாமல் 'மையக் கருத்து' என்று எழுதும் பதிவுகளைத் திருப்பி அனுப்பலாமா? 'ஓவர்ட்டன் விண்டோ'வுக்கு (ஒரு காலத்தில் பொதுவெளியில் ஏற்கத்தக்கதாகக் கருதப்படும் கருத்துகளின் வரம்பு) 'ஏற்பெல்லை' என்பது என் முன்மொழிவு. 'சாளரம்' வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள்.

– க.