மறிப்பு: கார்ட்டில் ‘ஹோல்ட்’ ஆகிற காசுக்கு ஒரு சொல்

அன்பு நண்பர்களே,

கார்ட்டில் கொடுத்த தொகையை வங்கி கணக்கிலேயே நிறுத்திவைப்பதை ‘ஹோல்ட்’ என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை வந்த சொற்களைப் பார்த்தேன்: பிடித்தம், முடக்கம், முன்னனுமதி, அச்சாரம், ஒதுக்கம். ஒன்றிலும் மனம் நிறையவில்லை. கிழக்கிலங்கையில் கல்முனைப் பக்கக் கடைகளுக்குக் கார்ட் மெஷின் பாவிக்கப் பழக்கிக் கொடுப்பது என் தொழில். சொல் இல்லாத குறையால் இரண்டு நல்ல மனிதர்கள் மனம் நொந்ததைப் போன மாதம் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடை. கல்லாற்றிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் சாரிகளுக்கு டெபிட் கார்ட்டில் 18,500 ரூபாய் கொடுத்தார். லைன் விட்டுப்போய் ரசீதுத் துண்டு வரவில்லை. நானா (கடைக்கார அண்ணன்) இரண்டாம் முறை போட்டார், வந்தது. ஆசிரியையின் போனில் இரண்டு எஸ்எம்எஸ்.

“நானா, ரெண்டு தரம் காசு வெட்டியிரிக்கி.”

“எனக்கு ஒருக்காத்தான் புள்ள விழுந்திரிக்கி. மத்தது உங்கட பேங்கிலதான் மறிச்சு நிக்கிது.”

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. கார்ட்டை வைத்ததும் கேள்வி கடையின் வங்கியிலிருந்து விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்பு வழியாகக் கார்ட் தந்த வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி மீதியைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டு, அவ்வளவு தொகையையும் உரியவரே தொட முடியாதபடி வைத்துக்கொள்கிறது. காசு அப்போது நகர்வதே இல்லை. கடை பூட்டும் நேரம் ‘செட்டில்மெண்ட்’ போட்டு அன்றைய கணக்கை அனுப்பிய பிறகுதான் வங்கிகளுக்கிடையே காசு மாறும். கடைக்கு வரும்போது அதில் வங்கிக் கட்டணமும் கழிந்திருக்கும். அன்று முதற் சம்மதம் வரும் வழியில் அறுந்துபோனது. மெஷின் கணக்கில் அது ஏறவில்லை, ஆகவே நானாவின் கைக்கு அது வரப்போவதும் இல்லை. ‘விட்டுவிடு’ என்ற செய்தி வங்கியைச் சேராவிட்டால், தவணை முடியும்வரை காசு அப்படியே நிற்கும். கடன் அட்டையென்றால் செலவழிக்கும் எல்லை மட்டும் குறையும். டெபிட் கார்ட்டில் நிற்பது சொந்தச் சம்பளம். ஆசிரியைக்கு ஆறு நாள் நின்றது.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். பிடித்தம் என்றால் சம்பளத்தில் வெட்டியது, போனது போனதுதான். முடக்கம் நீதிமன்றம் கணக்கை நிறுத்தும்போது சொல்வது, வாடிக்கையாளர் பயந்துவிடுவார். அச்சாரம் மற்றவர் கைக்குப் போய்விடும். முன்னனுமதி வங்கியின் சம்மதத்துக்குப் பொருந்தும், காசின் நிலையைச் சொல்லாது. ஒதுக்கம் நல்ல சொல்தான், ஆனால் உயர்தரத்தில் கணக்கீடு படித்த எந்தப் பிள்ளைக்கும் அது நிறுவனம் எடுத்துவைக்கும் ‘ரிசேர்வ்’. அங்கே கைவைக்க வேண்டாம்.

நானா வாயில் தானாக வந்த சொல்லையே முன்வைக்கிறேன்: மறிப்பு. எங்கள் பக்கம் வட்டைக்குள் (வயல்வெளியில்) வக்கடையை, அதாவது வரம்பில் தண்ணி பாயும் வாயை, கட்டித் தண்ணி மறிப்பார்கள். தண்ணி அதே வரம்புக்குள் கண்ணுக்கு முன்னால் நிற்கும், கீழ்வயலுக்கு ஒரு சொட்டும் போயிராது. வக்கடையைத் திறந்தால்தான் ஓட்டம். வங்கிக்குள் நடப்பதும் அதுவே.

மறியல் என்றால் சிறை, அந்த வாடை அடிக்காதா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். விளக்கமறியலை நினைத்துப் பாருங்கள்: தீர்ப்பு வரவில்லை, ஆள் மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறார். அந்தச் சாயல் இங்கே உதவியே செய்கிறது.

சொல் வளைந்தும் கொடுக்கிறது: மறிப்புத்தொகை, மறிப்பு நீக்கம், மறிப்புக் காலம். எஸ்எம்எஸ்ஸில் ‘ரூ. 18,500 மறிக்கப்பட்டுள்ளது, இன்னும் கழிக்கப்படவில்லை’ என்று வந்திருந்தால் ஆசிரியை கடைக்காரரோடு பேசியே இருக்கமாட்டார், நேரே வங்கிக்குப் போயிருப்பார். செட்டில்மெண்டுக்குப் புதிதாக எதுவும் தேட வேண்டாம். 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டத்தின் பெயரிலேயே ‘தீர்ப்பனவு’ இருக்கிறது, அதையே வைத்துக்கொள்வோம்.

ஒன்று மிச்சம். மறித்த தொகையைக் கடைக்காரர் ‘இதைத் தா’ என்று கேட்கிற படி, ‘கப்சர்’. ‘கோரல்’ என்று எழுதிப் பார்த்தேன், காப்புறுதிப் பணம் கேட்பதுபோல இருக்கிறது. வேறு சொல் வைத்திருப்பவர்கள் அதை ஒரு வாக்கியத்தில் போட்டு எழுதுங்கள். கடையில் சொல்லிப் பார்த்துவிட்டு வருகிறேன்.