மோட்டார் மாற்றிய ஃபோம் டார்ட் பிளாஸ்டர்: சில டார்ட்டுகளுக்குப் பிறகு வேகம் குறைவது ஏன்?

கேள்வி

வணக்கம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு டார்ட் வெளிவரும் ஃப்ளைவீல் பிளாஸ்டர் (மோட்டார்கள் சுழற்றும் இரண்டு சக்கரங்களுக்கு இடையே நுரை டார்ட்டை எறியும் பொம்மைத் துப்பாக்கி) ஒன்றை மாற்றியமைத்திருக்கிறேன். நான்கு டபுள் ஏ பேட்டரிகளில் இயங்கி வந்த அதில், அதே 130 அளவிலான, ஆனால் முறுக்குவிசை கூடிய இரண்டு மோட்டார்களைப் பொருத்தி, இரண்டு செல் லித்தியம் பாலிமர் பேட்டரியை இணைத்தேன். பேட்டரி முனையில் கனெக்டரை மட்டும் மாற்றினேன். உள்ளிருந்த ஒயர்களும் சுவிட்சுகளும் பழையவையே.

முதல் சில டார்ட்டுகள் எதிர்பார்த்த வேகத்தில் பறக்கின்றன. அதன் பிறகு சக்கரங்களின் ஒலி தாழ்ந்து, டார்ட்டுகள் பாதி தூரத்திலேயே விழுகின்றன. சிறிது நேரம் அப்படியே வைத்துவிட்டு மீண்டும் எடுத்தால், எதுவும் நடக்காததுபோல நன்றாக இயங்குகிறது. முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரி 8.4 வோல்ட் காட்டுகிறது. புதிய டார்ட்டுகளைப் போட்டுப் பார்த்தும் மாற்றமில்லை. மோட்டார்களைக் கழற்றுவதற்கு முன் எதைச் சோதிக்க வேண்டும்?

மறுமொழி 1

ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் இதில் மிக முக்கியமான தகவல். பேட்டரி போதாமல் இருந்தால் முதல் டார்ட்டிலேயே தடுமாற்றம் தெரிந்திருக்கும். டார்ட் தேய்ந்திருந்தால் ஓய்வினால் எந்தப் பயனும் இருக்காது. சூடேறினால் தடுக்கும், ஆறினால் விடும் ஏதோ ஒன்று மின்சுற்றில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

இத்தகைய பொம்மைகள் பலவற்றில், மோட்டார் சிக்கிக்கொண்டால் ஒயர் உருகாமல் காப்பதற்காக, பிடிசி என்னும் சிறு பாகத்தை மோட்டாருக்குச் செல்லும் பாதையில் தொடராக இணைத்திருப்பார்கள். மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறத்தில், தட்டையாக, விரல் நகத்தைவிடச் சிறியதாக இருக்கும். குளிர்ந்த நிலையில் அதன் மின்தடை மிகக் குறைவு. ஆனால் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து சூடேறினால் அந்த மின்தடை பல மடங்கு உயர்ந்து, மோட்டாருக்குச் செல்ல வேண்டிய மின்னழுத்தத்தின் பெரும்பகுதியைத் தானே எடுத்துக்கொள்ளும். பழைய மோட்டார்களின் தேவையை எண்ணி வைக்கப்பட்ட பாகம் அது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கும். அதோடு, ஒவ்வொரு டார்ட்டும் சக்கரத்தின் வேகத்தைச் சற்றுக் குறைத்துவிடுவதால், இழந்த வேகத்தை மீட்க மோட்டார் ஒவ்வொரு முறையும் கூடுதல் மின்னோட்டத்தைக் கேட்கும். டார்ட் மேல் டார்ட்டாகச் சுடும்போது இந்தச் சூடு சேர்ந்துகொண்டே போகிறது.

இதை ஊகத்தில் விட வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம். ஓய்வில் காட்டும் 8.4 வோல்ட், பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். டார்ட் கிளிப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடி அணிந்துகொண்டு, குறை தோன்றும்வரை சக்கரங்களை விட்டுவிட்டு ஓடவிடுங்கள். வேகம் குறைந்த அந்த நேரத்தில் மல்டிமீட்டரைக் கொண்டு முதலில் பேட்டரி முனைகளிலும், பிறகு மோட்டார் முனைகளிலும் அளவிடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் வழியில் எங்கோ தொலைகிறது. அடுத்து, பிடிசியின் இரு கால்களுக்கு இடையிலும், சுவிட்சின் இரு முனைகளுக்கு இடையிலும் தனித்தனியே அளந்தால், எங்கே தொலைகிறது என்பது தெரிந்துவிடும். நல்ல சுவிட்சாக இருந்தால் வோல்ட்டின் மிகச் சிறு பின்னமே காட்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிடிசி சூடேறுவது மோட்டாரின் இயல்பான பசியால் மட்டும் அல்லாமல், எங்கோ உராய்வு இருப்பதாலும் நேரலாம். அந்த நிலையில் பிடிசியை அகற்றினால், அதுவரை அது தடுத்து வந்த சூடு முழுவதும் மோட்டாரின் சுருளுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே பேட்டரியைக் கழற்றிவிட்டு, இரண்டு சக்கரங்களையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இலகுவாகச் சுழல வேண்டும். ஒன்று மட்டும் கனமாக இருந்தால், மோட்டாரை, சக்கரங்கள் அமர்ந்திருக்கும் கூண்டோடு பிணைக்கும் திருகாணிகளைச் சோதியுங்கள். தேவைக்கு அதிகமான நீளமுள்ள திருகாணி, மோட்டாரின் முகப்புத் தகட்டைக் கடந்து உள்ளே போய்ச் சுருளை உரசும். இந்தக் குறை வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கிழிந்த டார்ட்டின் நுரைத் துணுக்கு மோட்டார் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. சக்கரங்கள் இரண்டும் இலகுவாகச் சுழல்கின்றன. திருகாணிகளும் சரியான நீளத்தில்தான் உள்ளன. வேகம் குறைந்த நேரத்தில் பேட்டரி முனையில் 8 வோல்ட்டுக்கு மேல் இருக்க, மோட்டாருக்கு 5 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான் வந்து சேர்கிறது. தொலையும் அளவில் பெரும்பங்கு பிடிசியின் கால்களுக்கு இடையே காட்டுகிறது. எஞ்சியதில் பாதிக்கு மேல் சுவிட்சில். அந்தச் சுவிட்சைத் திறந்து பார்த்தபோது, அதன் செம்புத் தகடு தொடும் இடத்தில் கரும்புள்ளி விழுந்திருந்தது. பிடிசியை எடுத்துவிட்டு நேராக இணைத்துவிடலாமா?

மறுமொழி 1

வெறுமனே நேராக இணைக்க வேண்டாம். அந்தச் சுற்றில் இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான்; லித்தியம் பாலிமர் பேட்டரியோ, குறுக்குச் சுற்று ஏற்பட்டால் மெல்லிய ஒயரை நொடிகளில் எரித்துவிடும். பிடிசியை எடுக்கும் அன்றே ஒயர்களை 18 கேஜ் தடிமனுக்கு மாற்றுங்கள். கருகிய சுவிட்சுக்குப் பதிலாக, உங்கள் மோட்டார்கள் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தைத் தாங்கும் மைக்ரோ சுவிட்சைப் பொருத்துங்கள். பேட்டரியின் நேர்முனை ஒயரில், முடிந்தவரை பேட்டரிக்கு அருகில், சுவிட்சுக்கு முன்பாகவே ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்; அப்போதுதான் அதற்குப் பின்னால் எங்கே ஒயர் நசுங்கினாலும் அது காக்கும்.

மறுமொழி 3

பேட்டரியைப் பற்றி ஒரு குறிப்பு. அதன்மீது அச்சிட்டிருக்கும் சி எண்ணை (கொள்ளளவைப்போல் எத்தனை மடங்கு மின்னோட்டம் தரலாம் என்பதைக் குறிப்பது) கொள்ளளவோடு பெருக்கிப் பாருங்கள்: 1000 மில்லி ஆம்பியர் மணி, 30 சி என்றால், அது தொடர்ந்து தரக்கூடியதாகக் குறிக்கப்படுவது 30 ஆம்பியர். ஃபியூஸின் அளவு அதற்குக் கீழே இருக்க வேண்டும். தடை நீங்கியபின் மோட்டார்கள் கூடுதலாக இழுக்கும் என்பதால் சார்ஜும் முன்பைவிட விரைவில் இறங்கும். ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரி கெட்டுவிடும். பேலன்ஸ் கனெக்டரில் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே அளக்க உதவும், பேட்டரியின் சிறு கனெக்டர்) மாட்டும் மின்னழுத்த அலாரம் ஒன்றை வாங்கி, ஒரு செல்லுக்கு 3.4 வோல்ட்டில் ஒலிக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி சற்றேனும் உப்பியிருந்தால் அதை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள்.