சுடும் ஆட்டங்களில் ‘ஸ்பேம்’: சரமாரியும் நச்சரிப்பும்

அன்புள்ள ஐயா, நண்பர்களே, வணக்கம்.

கணினி ஆட்டச் சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில், அணி பிரிந்து ஆடும் சுடும் ஆட்டங்களில் வரும் ‘ஸ்பேம்’ என்ற சொல்லுக்கும் எரிதமே போதும் என்று ஐயா எழுதியிருந்தார். மின்னஞ்சல் குப்பைக்கு எரிதம் நிலைத்துவிட்டது. தமிழ் விக்கிப்பீடியாவிலும் அதுதான் இருக்கிறது. அங்கே அதை அசைக்க வேண்டாம். ஆனால் ஆட்டக்களத்தில் “ஸ்பேம் பண்றான்” என்று பிள்ளைகள் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு காரியங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, குறிபார்க்காமல் ஓர் இடத்தை நோக்கிக் குண்டுகளை விடாமல் போடுவது. இன்னொன்று, குரலாலும் சைகையாலும் கூட ஆடுபவர்களின் காதைக் குடைவது. முதலாவது பெரும்பாலும் போர்முறை, இரண்டாவது ஒழுங்கீனம். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், அணிக்காக வழியை அடைத்து நிற்பவனுக்கும் ஆட்டத்தைக் கெடுப்பவனுக்கும் ஒரே வசைதான் கிடைக்கும். ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும் என்பது என் கட்சி.

முதலாவதை விளக்க டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. 2007இல் வால்வ் நிறுவனம் வெளியிட்டது. அதில் டெமோமேன் என்ற பாத்திரத்தின் முழு வேலையே வெடிகுண்டு. கையெறிகுண்டு ஏவியில் ஒரு நிரப்புக்கு நான்கு குண்டுகள். எதிரியின் மேல் நேராகப் பட்டால் உடனே வெடிக்கும். தரையில் பட்டு உருண்டால் இரண்டு நொடிக்குச் சற்று மேல் காத்திருந்து வெடிக்கும். இன்னொரு கருவி ஒட்டுகுண்டு ஏவி. ஒரே நேரத்தில் எட்டு ஒட்டுகுண்டுகள் வரை சுவரிலும் தரையிலும் ஒட்டி வைக்கலாம். ஒன்பதாவதைப் போட்டால் முதலில் வைத்தது தானாக வெடித்துவிடும். டஸ்ட்போல் என்ற ஆட்டக்களத்தில் தாக்கும் அணி கதவு திறப்பதற்காகக் காத்து நிற்கும். காக்கும் அணியின் டெமோமேன் கதவுக்கு வெளியே ஒட்டுகுண்டுகளைப் பரப்பிவிட்டு மறைவாக நிற்பான். கதவு திறந்ததும் அவற்றை வெடிக்கவைப்பான். பிறகு யார் வருகிறார்கள் என்று பார்க்காமலே அந்த இடுக்குக்குள் குண்டு மேல் குண்டாக உருட்டிவிடுவான். அவனுக்கு யாரும் சாக வேண்டும் என்பதுகூட இல்லை. அந்த வழியில் கால் வைக்க எதிரி தயங்கினால் போதும், கடிகாரம் அவன் பக்கம் ஓடும். இதைத்தான் அங்கே ஸ்பேம் என்கிறார்கள், அதுவும் வசையாக மட்டும் சொல்வதில்லை. “கதவில் ஸ்பேம் பண்ணு” என்பது அணித்தோழனுக்கு இடும் கட்டளையும்கூட. இதற்கு மாற்றும் ஆட்டத்துக்குள்ளேயே உண்டு. 2008 ஜூனில் பைரோ பாத்திரத்துக்குக் காற்றடி கொடுத்தார்கள். பறந்து வரும் ராக்கெட்டையும் கையெறிகுண்டையும் எய்தவன் பக்கமே திருப்பி அடிக்க அதனால் முடியும்.

கவுண்டர்-ஸ்டிரைக் என்ற இன்னொரு சுடும் ஆட்டத்தில் இதன் வடிவம் வேறு. புகைக்குண்டு விழுந்ததும் எதிரி தெரியமாட்டான். ஆனால் எந்த வழியாக வருவான் என்று தெரியும். உடனே புகைக்குள்ளே ஒரு ஏகே-47இன் முப்பது தோட்டாக்களையும் இறைத்துவிடுவார்கள். பட்டால் லாபம். படாவிட்டால், துப்பாக்கியை நிரப்பும் இரண்டரை நொடி நிராயுதபாணியாக நிற்க வேண்டும், நிற்கும் இடமும் சத்தத்தில் தெரிந்துபோகும். 2023இல் வந்த கவுண்டர்-ஸ்டிரைக் 2இல் தோட்டாக்கள் புகையில் சிறு துளையிடும், வெடிகுண்டு புகையைச் சில கணம் விலக்கும் என்று ஆக்கிய பிறகு, இதிலேயே ஒரு புதுக் கணக்கு சேர்ந்துவிட்டது. எங்கே இறைப்பது, எத்தனை தோட்டாவோடு நிறுத்துவது என்பதெல்லாம் பழகிய கைக்கே வரும். இப்படி ஆடுகிறவனை எரிதன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வசைக்குரிய இடமும் உண்டு, மறுக்கவில்லை. 2009இல் வந்த கால் ஆஃப் ட்யூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2இல் ‘ஒன் மேன் ஆர்மி’ என்ற சலுகையை வைத்துக்கொண்டு, துப்பாக்கியின் அடியில் பொருத்தும் குண்டு ஏவியைத் தீரத் தீர நிரப்பிக்கொள்ளலாம். ஒரு மூலையில் குந்திக்கொண்டு ஆட்டம் முடியும்வரை அதையே அடித்தவர்களை உலகம் முழுக்கத் திட்டினார்கள். ஆனால் அந்தக் கோபம் வரம்பில்லாமல் கொடுத்த ஆட்ட விதியின் மேல் போக வேண்டியது. செயலின் பெயர் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நல்லதா கெட்டதா என்பதை அடைமொழி சொல்லட்டும்.

இப்போது சொல். ‘சரமாரி’யை முன்வைக்கிறேன். சரம் அம்பு, மாரி மழை. “சரமாரியாகச் சுட்டனர்”, “சரமாரியாகக் கேள்வி கேட்டனர்” என்று செய்தித்தாள்கள் தினமும் எழுதுகின்றன. யாருக்கும் அகராதி தேவையில்லை. அளவும் விடாமையும் இந்தச் சொல்லில் இருக்கின்றன, பழிப்பு இல்லை. சரம் வடசொல், கணைமாரி என்று வைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அழகான சொல்தான். ஆனால் விளக்கிச் சொல்லிப் பழக்க வேண்டிய சொல். சரமாரியோ ஏற்கெனவே வாயில் இருக்கிறது. மாரி என்று சுருக்கலாம் என்ற யோசனையும் வந்தது. சென்னைப் பேச்சில் ‘மாதிரி’யே ‘மாரி’ ஆகிவிட்டதால், “மாரி போடு” என்றால் “எந்த மாரி?” என்று திருப்பிக் கேட்பார்கள். தம்பி சொன்ன சரவெடி கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிரிக்கெட் செய்தியில் சரவெடி ஆட்டம் என்றால் அது பாராட்டு. அந்த வாசனை போகாது.

வினையாக, ஆடும்போது கத்துவதற்கு, ‘கொட்டு’ போதும். “படிக்கட்டில் கொட்டு”, “கதவில் கொட்டிக்கொண்டே இரு”. அடைமழை கொட்டுகிறது என்கிற அதே கொட்டு. சண்டை நடுவில் நான்கெழுத்துச் சொல்லை முழுதாகச் சொல்லி முடிக்க நேரம் இருக்காது. வர்ணனையிலும் கட்டுரையிலும் சரமாரி, களத்தில் கொட்டு. ஒரு பொருளுக்கு எழுத்தில் ஒன்று, வாயில் ஒன்று என்று இருப்பது தமிழுக்குப் புதிதல்ல.

அடுத்தது, கூட ஆடுபவர்களின் காதைக் குடையும் இரண்டாவது காரியம். அதற்கு என் சொல் நச்சரிப்பு. ஸ்பேம் என்ற பெயரே இந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். 1937இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்த டப்பா இறைச்சியின் பெயர் அது. 1970இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சியில் அந்தப் பெயரையே திரும்பத் திரும்பப் பாடி, மற்றவர் பேச்சு காதில் விழாமல் செய்தார்கள். கணினியில் அரட்டையை ஒரே வரியால் நிரப்பித் திணறடித்தவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் பேச்சு கேட்காதபடி ஒன்றையே சொல்வது நமக்கு நச்சரிப்புதான். பேருந்தில் பிள்ளை பொம்மை கேட்பதற்கும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம்.

சுடும் ஆட்டத்தில் இது வெறும் எரிச்சலோடு நிற்பதில்லை. அங்கே காது பாதிக் கண். எதிரியின் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்கிறார்கள். கடைசி ஒருவன் உயிரோடு நின்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, செத்துப்போன தோழன் மைக்கில் பாட்டுப் போட்டால் அந்தச் சுற்று போயிற்று. டீம் ஃபோர்ட்ரஸ் 2இல் மருத்துவரை அழைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. உண்மையாகவே உயிர் போகிறவன் ஒருமுறை அழுத்துவான். பொழுது போகாதவன் விடாமல் அழுத்துவான். மருத்துவர் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். நச்சரிப்பின் உண்மையான சேதம் அங்கேதான்: நல்ல அழைப்பும் செத்துவிடுகிறது.

2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற ஆட்டம், மைக் இல்லாதவர்களும் பேசாமலே இடத்தையும் எதிரியையும் காட்டும் ‘பிங்’ முறையைச் சிறப்பாக அமைத்தது. மொழி தெரியாத மூவர் சேர்ந்து ஆட முடிந்தது அதனால்தான். அதே பிங்கைத் தோழனின் பிணத்தின் மேல் பத்து முறை அடித்து “உன்னால்தான்” என்று குத்திக்காட்டவும் செய்கிறார்கள். பிங்குக்குச் ‘சுட்டு’ என்று சொல் வைக்கலாம் என்று வந்த பரிந்துரையைத் தயவுசெய்து கைவிட்டுவிடுங்கள். “எதிரியைச் சுட்டினேன்”, “எதிரியைச் சுட்டேன்” இரண்டும் ஒரே ஆட்டத்தில் வந்தால் குழப்பம் தீராது. சைகை என்றால் சிக்கல் இல்லை: சைகை நச்சரிப்பு, குரல் நச்சரிப்பு, அரட்டை நச்சரிப்பு.

குனியும் பொத்தானை விடாமல் தட்டி உட்கார்ந்து எழுந்து தோட்டாவை ஏமாற்றும் பழக்கத்தையும் ஸ்பேமில் சேர்த்திருந்தீர்கள். அது இரண்டிலும் சேராது. அதற்குத் தோப்புக்கரணம் என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது, தனியாகப் பதிந்துகொள்ளலாம்.

பட்டியலில் சேர்க்கும்போது எடுத்துக்காட்டு வரிகளாக இவற்றை வைக்கலாம். “நடுவழியில் டெமோமேனின் சரமாரியால் தாக்கும் அணி ஒரு நிமிடம் நகரவே இல்லை.” “குரல் நச்சரிப்புக்காக அவரை ஒலியடக்கிவிட்டேன்.” எல்லாரும் கடந்தே ஆக வேண்டிய குறுகிய வழியான சோக் பாயின்ட் என்பதற்கு நான் மேலே இடுக்கு என்று எழுதியிருக்கிறேன். கணவாய் பொருந்தும் என்று நினைப்பவர்கள், கட்டடத்துக்குள் இருக்கும் கதவுக்கும் அதைச் சொல்ல முடியுமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.